வியப்புக்கும் இலக்கணம் உண்டு

தமிழ்ப் பாடப் பயிற்சிகளில் பல காலமாக வரும் கேள்வி ஒன்று உண்டு. 'கல்வராயன் மலை மிகவும் அழகானது' என்பது போன்ற ஒரு செய்தித் தொடரைக் கொடுத்து, அதை உணர்ச்சித் தொடராக மாற்றச் சொல்வார்கள். எதிர்பார்க்கப்படும் விடை, 'என்னே கல்வராயன் மலையின் அழகு!' என்பது. முன்னால் ஓர் 'என்னே', நடுவில் ஓர் 'இன்', கடைசியில் ஓர் உணர்ச்சிக்குறி. இந்த மூன்றும் இருந்தால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலோ, வெள்ளிமலைச் சந்தையிலோ, கச்சிராயபாளையத்துக் கரும்பு வயலிலோ 'என்னே' என்று வியப்பவர் எவரும் இல்லை. அங்கே மலையைப் பார்த்து வாய் பிளக்கும் பிள்ளை 'எம்மாம் பெருசு பாரு' என்கிறது, 'மலைன்னா மலை, அப்படி ஒரு மலை' என்கிறது, 'என்னமா நிக்குது' என்கிறது. இவற்றில் எதை எழுதினாலும் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழும். அந்தப் பிள்ளை சொன்னவை அத்தனையும் கட்டுக்கோப்பான இலக்கணம் உடையவை. அந்த இலக்கணத்தைப் பள்ளி சொல்லித்தர வேண்டும், குறிப்பாகக் கல்வராயன் மலைப் பள்ளிகள் அதிலிருந்துதான் மொழிப் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உணர்ச்சித் தொடரை ஒரு குறியாகப் பார்க்காமல் ஒரு கட்டுமானமாகப் பார்க்கும் வழக்கம் உலகில் உண்டு. சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஸ்பானிய மொழி இதற்கு நல்ல சான்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலை வகுப்புகளில் கற்கத்தக்கதாகப் பெயர் குறித்த அயல்மொழிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அது வேறு விவாதம். இங்கே நமக்கு வேண்டியது, அந்த மொழியைக் கற்பிப்பவர்கள் வியப்பை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது மட்டும். ஸ்பானியத்தில் 'கே' என்றால் 'என்ன' என்று பொருள். 'கே போனீத்தோ' என்றால் என்ன அழகு. 'குவாந்தா ஹெந்தே' என்றால் எத்தனை சனம். 'கோமோ யுவேவே' என்றால் என்னமாய்ப் பெய்கிறது மழை. வினாச் சொற்களே வியப்புச் சொற்களாகின்றன. எதற்குப் பின் பெயர் வரும், எதற்குப் பின் வினை வரும், எந்தச் சொல் பின்வரும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும் என்பதெல்லாம் அங்கே தனிப் பாடம். பெயருக்குப் பின் அடைமொழி வரும்போது 'கே காசா மாஸ் கிராந்தே' என்று இடையில் ஒரு மிகைச்சொல் வந்தாக வேண்டும். எவ்வளவு பெரிய வீடு என்று பொருள். ஆசையை வெளியிடும் தொடருக்கு 'ஓஹலா' என்று அரபியிலிருந்து வந்த ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பின் வினைச்சொல் விருப்பத்துக்குரிய தனி வடிவத்தை எடுக்கும். இவ்வளவையும் கற்ற பிறகுதான் குறியைப் பற்றிய பேச்சு. அந்தக் குறியும் அங்கே பொறுப்பான வேலை செய்கிறது. வினாத் தொடரின் தலையிலேயே தலைகீழான குறி ஒன்றை இட வேண்டும் என்று ஸ்பானிய மொழிக் கழகம் 1754இல் பரிந்துரைத்தது. வியப்புத் தொடருக்கும் அதுவே வழக்கமாயிற்று. படிப்பவர் முதற்சொல்லிலேயே குரலை மாற்றிக்கொள்ளலாம்.

தமிழுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை திகைக்க வைக்கிறது. நம்மிடமும் என்ன, எவ்வளவு, எத்தனை, எப்படி என்ற வினாச் சொற்களே வியப்புக்கும் வருகின்றன. எண்ணக்கூடியதற்கு எத்தனை, எண்ண முடியாததற்கு எவ்வளவு என்ற பிரிவும் இருக்கிறது. ஒரு படி மேலே போய், வினாவுக்குப் பெரும்பாலும் வராமல் வியப்புக்கே என்று ஒதுங்கிவிட்ட வடிவமும் பேச்சுத் தமிழில் உண்டு. 'என்னமாப் பாடுறா' என்பதில் உள்ள 'என்னமா' அது. எவ்வளவு உயரம் என்பது கேள்வியா வியப்பா என்று ஐயம் வரலாம். 'எவ்ளோ உயரம் பாரு' என்றால் வராது. கடைசியில் நிற்கும் அந்தப் 'பாரு' யாரையும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. கண் தெரியாதவரிடமும், தொலைபேசியில் பேசுபவரிடமும் அதைச் சொல்லலாம். இது கேள்வியன்று, வியப்பு என்று அறிவிப்பதே அதன் வேலை. ஸ்பானியம் தொடரின் தலையில் குறி வைத்துச் செய்ததைத் தமிழ் தொடரின் காலில் ஒரு சொல் வைத்துச் செய்கிறது. இதைப் பாடநூல் ஏன் சொல்வதில்லை?

ஒரே ஒரு தொடரை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். மலையில் பெருமழை பிடித்து, கோமுகி அணைக்கு ஒரே இரவில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அணையடி ஊர்களில் சொல்வார்கள்: 'மழைன்னா மழை, அப்படி ஒரு மழை.' இதில் வினைச்சொல்லே கிடையாது. 'என்றால்' என்ற நிபந்தனைச் சொல் தேய்ந்து 'ன்னா' ஆகி நிற்கிறது. ஆனால் நிபந்தனை எதுவும் இல்லை. ஒரே பெயர் மூன்று முறை வருகிறது. மூன்றாவதை வேறு சொல்லால் மாற்றினால் தொடர் இடறும். 'அப்படி' என்பது சுட்டுச்சொல். எதைச் சுட்டுகிறது என்றால் எதையும் இல்லை, சுட்ட எதுவும் கிடைக்காத அளவு பெரியது என்பதே பொருள். 'ஒரு' என்பது எண் அன்று. மழையை எண்ண முடியாது. அந்த 'ஒரு'வை எடுத்துவிட்டு 'அப்படி மழை' என்று சொல்லிப் பாருங்கள், பாதி பலம் போய்விடும். கூட்டம்னா கூட்டம் அப்படி ஒரு கூட்டம், அடின்னா அடி அப்படி ஒரு அடி என்று இதே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். விதி இருக்கிறது, விலக்கு இருக்கிறது, புதிதாகப் பிறப்பிக்கும் ஆற்றல் இருக்கிறது. இலக்கணம் என்று சொல்ல வேறென்ன வேண்டும்? ஆனால் 'ஒரு' என்ற சொல்லைப் பற்றிப் பள்ளியில் கற்பதோ, உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', மெய்க்கு முன் 'ஒரு' என்பதோடு முடிந்துவிடுகிறது.

அடுத்து 'ஏ' என்ற ஓரெழுத்து. 'கடைசி பஸ் போயிடுச்சு' என்றால் செய்தி. 'கடைசி பஸ் போயிடுச்சா' என்றால் கேள்வி, குரலைக் கொஞ்சம் ஏற்றினால் அதிர்ச்சி. 'கடைசி பஸ் போயிடுச்சே' என்றால், வெள்ளிமலைக்கு இனி எப்படிப் போவது என்ற தவிப்பு முழுவதும் அந்த ஒற்றை எழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இறந்தவரைப் பார்த்து 'போயிட்டியே' என்று அழும் ஒப்பாரியிலும் அதே ஏகாரம்தான். வரமாட்டார் என்று நினைத்த ஆள் வந்து நிற்கும்போது 'வந்துட்டியே' என்று மகிழ்வதும் அதனால்தான். எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று என்ற இடைவெளியைக் காட்டுவது அதன் தொழில். மகிழ்ச்சியா துயரமா என்பதைச் சூழல் தீர்மானிக்கும். 'ஓ'வும் இப்படித்தான். 'எவ்வளவு பாடுபட்டான்' என்பதில் அளவு கேள்வியாகவே நிற்கிறது. 'எவ்வளவோ பாடுபட்டான்' என்றதும் அளவு கைமீறிப் போய்விடுகிறது. ஆசைக்கும் நம்மிடம் ஒரு கட்டுமானம் இருக்கிறது: எதிர்மறை வினா. ஆடி மாதத்தில் மானாவாரி நிலத்தைப் பார்த்தபடி 'ஒரு மழை பெய்யாதா' என்று கேட்பவர் யாரிடமும் விடை எதிர்பார்க்கவில்லை. ஸ்பானியர் தனிச்சொல் வைத்துச் சொல்வதை நாம் மறுப்பையும் வினாவையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சொல்லிவிடுகிறோம்.

இவை யாரோ புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. பவணந்தி முனிவரின் நன்னூல் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் சிறப்பு ஒன்று, கழிவு ஒன்று. சிறப்பை உரையாசிரியர்கள் உயர்வு, இழிவு என்று இரண்டாக்கி 'ஓஓ பெரியன்', 'ஓஓ கொடியன்' என்று எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டும் இன்றைய பொருளில் அப்பட்டமான உணர்ச்சித் தொடர்கள். கழிவு என்பது கைநழுவிப் போனதற்கு இரங்குவது. ஒரே சொல்லை இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கலாம் என்றும் நன்னூல் எல்லை வகுத்திருக்கிறது. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றில் அடுக்கு வரும் என்பது உரை மரபு. 'பாம்பு பாம்பு' என்று அலறும் குழந்தை இந்த விதிக்குள்தான் அலறுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் நுட்பமானது. வியப்பை மருட்கை என்று பெயரிட்டு, அது எங்கிருந்து பிறக்கிறது என்று நான்கு காரணம் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெரியது மட்டும் வியப்பைத் தருவதில்லை, சிறியதும் தரும் என்பது எத்தனை கூர்மையான கவனிப்பு! 'இத்துனூண்டு புள்ள, என்னமாப் பேசுது' என்று பாட்டி சொல்லும்போது வியப்புக்குக் காரணம் அந்தச் சிறுமைதான். பாடநூலின் 'என்னே' என்ற ஒற்றை அச்சில் பெருமை மட்டுமே அடங்கும், இந்த 'இத்துனூண்டு'க்கு அதில் இடம் கிடையாது.

நம் இலக்கணிகள் இன்னொரு பெரிய காரியமும் செய்தார்கள். உணர்ச்சி மிகும்போது பேசுபவர் விதியை மீறுவார் என்பதை அறிந்து, அந்த மீறலுக்கும் விதி எழுதினார்கள். அதற்கு வழுவமைதி என்று பெயர். மகிழ்ச்சி, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றில் திணையும் பாலும் மாறலாம் என்கிறது நன்னூல். மகளை 'வாடா ராசா' என்று தாய் அழைப்பதும், பசுவை 'எங்கம்மா வந்துட்டா' என்று வீட்டார் கொஞ்சுவதும் பிழையாகா. காலமும் மாறலாம். இன்னும் சட்டை மாட்டிக்கொண்டிருப்பவன் 'இதோ வந்துட்டேன்' என்பது விரைவினால் வந்த மாற்றம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதைக் கண்டதும் மழை பெய்துவிட்டது என்று சொல்வது தெளிவினால் வந்தது என்று உரைகள் விளக்குகின்றன. மழையை நம்பி வாழ்ந்த உழவனின் வாயிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டு அது. சாமையும் தினையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் கல்வராயன் மலைக்காரருக்கு அதை விளக்க ஆசிரியர் தேவையில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் நூல் சொல்கிறது என்பதை அவருடைய பிள்ளைக்குச் சொல்ல ஆசிரியர் தேவை.

உணர்ச்சிக்குறி தமிழுக்கு அச்சோடு வந்த விருந்தாளி. ஓலைச்சுவடியில் அது கிடையாது. அது இல்லாமலேயே தமிழ்க் கவிதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அழுதது, வியந்தது, சினந்தது. இதற்கான சாட்சி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது. திருக்கோவிலூரில் தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று என்று மக்கள் சொல்லும் பாறை நிற்கிறது. பாரி இறந்த பிறகு அவன் மகளை மலையமானிடம் சேர்ப்பித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை, அவ்வூர் வீரட்டேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. கபிலரின் கையறுநிலைப் பாடல்களிலும், அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலிலும் துயரத்தைச் சுமப்பவை இடைச்சொற்கள். ஔவையாரின் பாட்டில் 'மன்' என்ற சிறு சொல் திரும்பத் திரும்ப வந்து, முன்பெல்லாம் இப்படி இருந்ததே, இனி இல்லையே என்று நெஞ்சில் அறைகிறது. மன் என்ற சொல்லின் பொருள்களில் கழிவை முதலாவதாக வைத்தது தொல்காப்பியம். அந்த 'மன்' வழக்கொழிந்தது. அதன் வேலையை இன்று ஒப்பாரியின் ஏகாரம் செய்கிறது. குறியை நம்பி எழுதப் பழகிய இன்றைய உரைநடை, தொடரைச் சப்பையாகக் கட்டிவிட்டு இறுதியில் இரண்டு மூன்று உணர்ச்சிக்குறிகளை நட்டுச் சமாளிக்கிறது. நாளிதழ்த் தலைப்புகளும் இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கின்றன. பள்ளியில் கற்ற பாடத்தின் விளைவு இது.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிச் சமூகம், பெயரைப் பார்த்துப் பலர் நினைப்பது போல மலையாளம் பேசுவோர் அல்லர்; மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது என்பார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் தாங்கள் என்ற கதை அவர்களிடம் வழங்குவதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் பேசுவது தமிழ். அதனாலேயே ஒரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒடிசா அரசு 2006-07 அளவில் பழங்குடிக் குழந்தைகளுக்குத் தாய்மொழி வழித் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறு என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. கல்வராயன் மலையில் வீட்டிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ். ஆகவே பாலம் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. உண்மையில் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பாடநூலின் தமிழ் பாதி அந்நியம். சமவெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையின் ராகமும் இழுப்பும் பாதி அந்நியம். வேறு மொழி என்றால் வேறுபாடு என்று மதிக்கப்பட்டிருக்கும். ஒரே மொழி என்பதால் அது பிழை என்று திருத்தப்படுகிறது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு சொல்வதன் அடிப்படை நோக்கம், பிள்ளையின் வாயில் இருக்கும் மொழியைப் பள்ளி மதிக்க வேண்டும் என்பதே.

அந்த மதிப்பைத் தொடங்கச் சரியான இடம் உணர்ச்சித் தொடர். ஏனென்றால் பிள்ளை எதைப் பேசக் கூச்சப்பட்டாலும், ஐயோ, அடேங்கப்பா, ச்சே என்பவற்றைக் கூச்சமில்லாமல் பேசும். உறைவிடப் பள்ளியில் முதல் வாரம் வாயே திறக்காத குழந்தைகூட மரத்தில் மலைத்தேனைக் கண்டால் கத்தும். அந்தக் கத்தலைப் பலகையில் எழுதி, 'நீ சொன்னதில் எத்தனை சொல், எது முதலில் வந்தது, எதை மாற்றினால் கெடும்' என்று கேட்பதைவிட நல்ல இலக்கண வகுப்பு இருக்க முடியாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு எல்லோரும் அறிந்தது. பேச்சுத் தமிழைப் பள்ளிக்குள் விட்டால் எழுத்துத் தமிழ் கெட்டுப்போகும். கள்ளக்குறிச்சியும் யாழ்ப்பாணமும் கோலாலம்பூரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வைப்பது எழுத்துத் தமிழ் ஒன்றே என்பார்கள். இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. பொதுத் தமிழ் இல்லாமல் தமிழ் உலகம் இல்லை. ஆனால் மேலே காட்டிய தொடர்களை எழுத்துத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்: 'மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை.' 'என்னமாய்ப் பெய்கிறது.' 'கடைசிப் பேருந்து போய்விட்டதே.' 'ஒரு மழை பெய்யாதா.' உச்சரிப்பு மட்டுமே மாறியிருக்கிறது, கட்டுமானம் அப்படியே நிற்கிறது. இந்தத் தொடர்களை யாழ்ப்பாணத்தாரும் புரிந்துகொள்வார். 'என்ன வடிவு' என்று அவர் வியப்பது நமக்கும் புரிகிறது அல்லவா? வாயிலிருந்து ஏட்டுக்குப் போகும் இந்த வழியைக் காட்டுவதுதான் பொதுத் தமிழைக் கற்பிக்கும் உறுதியான முறை. சிங்கப்பூர் இதில் நமக்கு முன்னே போய்விட்டது. அந்நாட்டுக் கல்வி அமைச்சு அமைத்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல், வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழை மட்டும் கற்ற பிள்ளைகள் தமிழில் பேசவே தயங்குகிறார்கள் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அங்கே எழுத்துத் தமிழ் அழிந்துவிடவில்லை.

எந்த ஊர்ப் பேச்சை எடுப்பது என்பது அடுத்த கேள்வி. எம்மாம் என்பது வடமாவட்டம், எம்புட்டு என்பது தெற்கு. பாடநூல் ஒன்றே என்றால் ஒன்றுக்கு மகுடம் சூட்டி மற்றதை இறக்க வேண்டிவரும் என்று அஞ்சுவார்கள். பாடநூல் கட்டுமானத்தைச் சொன்னால் போதும். சொல்லை அந்தந்த ஊர் நிரப்பட்டும். 'வினாச் சொல், அடைமொழி, பெயர், பாரு' என்ற அச்சைக் கொடுத்தால் மதுரைப் பிள்ளை எம்புட்டு என்றும் கள்ளக்குறிச்சிப் பிள்ளை எம்மாம் என்றும் நிரப்பும். அதற்கு வேண்டிய கருவிகளும் நம்மிடம் இருக்கின்றன. இந்த வட்டாரத்துக்கென்றே கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி இருக்கிறது. இதே நடுநாட்டுப் பேச்சில் ஏசுவதையும் அழுவதையும் வியப்பதையும் அச்சில் ஏற்ற முடியும் என்பதை 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் காட்டியது. அவர் 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். இலக்கியம் ஏற்றுக்கொண்டு பரிசளித்த மொழியைத் தேர்வுத்தாள் தள்ளிவைப்பது முறையாகாது. பேச்சுத் தமிழுக்கு முறையான இலக்கண நூல் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன் அமெரிக்கர். நூல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக 1999இல் வந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016இல் 'ஐயோ'வைச் சேர்த்துக்கொண்டது. வெளியார் எடுத்து வைத்துப் படிக்கும் இவை நம் பிள்ளைகளின் பாடத்தில் இல்லை.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை லேசாகக் கடந்து போக முடியாது. கல்வராயன் மலைக்குத் தேவை சாலை, மருத்துவமனை, ஆசிரியர், வேலை. அங்கே போய் வியப்பிலக்கணம் பேசுவது வயிறு நிறைந்தவரின் விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகை 1976 வரை நீடித்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலையின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுக்கும் நிலை வந்தது. சாலைக்குப் பதிலாக இலக்கணம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாலையைக் கேட்பதற்கும் மொழி வேண்டும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வரும் மனுக்களைப் பாருங்கள். 'பிரசவ வலி வந்தவளைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம்தான் நடக்கறது' என்று வாயால் சொல்பவருடைய வார்த்தை, மனு எழுதுபவரின் கைக்குப் போனதும் 'சாலை வசதி இல்லாமல் மிகவும் சிரமப்படுகிறோம்' என்று ஆகிவிடுகிறது. முதல் தொடரில் ஒரு பெண் இருக்கிறாள், வலி இருக்கிறது, 'தான்' என்ற இடைச்சொல்லில் ஆண்டுக்கணக்கான பொறுமையின் முடிவு இருக்கிறது. இரண்டாவதில் அவை எதுவும் இல்லை. முதல் தொடரை அதே பலத்தோடு எழுதத் தெரிந்த தலைமுறை ஒன்று மலையில் உருவானால், அதிகாரி மேசையில் அந்த மனு படிக்கப்படும் விதமே மாறும். உணர்ச்சித் தொடர் என்பது அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

பிள்ளைக்குத் தெரிந்ததையே எதற்குக் கற்பிக்க வேண்டும் என்றும் கேட்கலாம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு விளையாட்டு வகுப்பு வைக்கிறோம் அல்லவா? தெரிந்ததைத் தெரிந்திருக்கிறோம் என்று அறிவதே கல்வியின் பெரும்பகுதி. இலக்கணம் என்றால் தன்னிடம் இல்லாத ஒன்று, வேறு யாருடையதோ ஒன்று என்ற அச்சத்தோடுதான் நம் மாணவர்கள் பத்தாம் வகுப்பு வரை வருகிறார்கள். தன் பாட்டி சொன்ன 'ஓ'வும் நன்னூல் சொன்ன 'ஓ'வும் ஒன்று என்று மூன்றாம் வகுப்பிலேயே அறிந்த பிள்ளைக்கு அந்த அச்சம் வராது.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 முதல் தொடக்க வகுப்புகளில் பேச்சு, பாட்டு, கதை வழியாகக் கற்பிக்கும் முறைக்கு ஆசிரியர்களைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பயிற்சிக்குள் உணர்ச்சித் தொடருக்கு ஒரு பகுதி ஒதுக்கலாம். கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், பிள்ளைகள் வீட்டிலும் காட்டிலும் கேட்ட வியப்பு, அழுகை, கோபத் தொடர்களைத் தாங்களே தொகுக்கும் பணியை ஐந்தாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம்; விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும். புதிதாக மலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர் முதலில் படிக்க வேண்டிய நூலாக அந்தத் தொகுப்பே இருக்கலாம். உயர்நிலை வகுப்புகளில் இடைச்சொல், அடுக்குத்தொடர், வழுவமைதி ஆகிய மூன்று பாடங்களையும் உணர்ச்சித் தொடரோடு சேர்த்து நடத்தும்படி பாடநூலை மாற்றியமைக்கலாம். இன்று அவை மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வேறு வேறு இயல்களில் கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னால், அடுத்த தேர்விலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செய்தித் தொடரை உணர்ச்சித் தொடராக மாற்றச் சொல்லும் கேள்விக்கான விடைக்குறிப்பில், 'என்னே' என்று தொடங்கும் ஒரே விடையோடு நிறுத்தாமல், ஏகாரத்தால் முடிவதும், 'என்னமாய்' என்று தொடங்குவதும், 'அப்படி ஒரு' என்று வருவதும் சரியான விடைகளே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.